கயிற்றில் கட்டெறும்பு மணம்

மலையேறக் கூட்டிப்போகச் சொல்லி யார் வந்தாலும் சத்தியநேசன் அண்ணாச்சி கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "எதக் கண்டா பேடி?"

எதற்கும் பயமில்லை என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். எங்கள் கூட்டத்தில் சிபி அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவன். அடுத்த வாரம் வந்து, நன்றாக யோசித்துப் பார்த்ததில் கல்யாணம் என்றால் பயம் என்று சொன்னான். அண்ணாச்சி சிரிக்காமல் கேட்டுக்கொண்டு, "அது போதாது. ஆனாலும் இருந்துக்கோ" என்றார். என் முறை வந்தபோது நான் பல்லியில் ஆரம்பித்து, நாய், லிஃப்ட், ஆழமான தண்ணீர் என்று போய்க்கொண்டே இருந்தேன். உயரம் என்றதும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சாமி கண்டிப்பா வரணும்" என்றார்.

கரமனை அக்கிரகாரத்தில் பிறந்து, கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் முன்னால் முதுகு வளைந்துகொண்டிருந்த ராமசுப்ரமணியன் என்கிற எனக்கு இமயமலையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். முப்பத்தைந்து வயதில் மனிதர்களுக்கு ஏதாவது ஒன்று வரும். சிலருக்குச் சர்க்கரை வருகிறது. எனக்குப் பக்கத்து நாற்காலியில் சஜி வந்தான். சஜி, அண்ணாச்சியின் மைத்துனன். அவன் அலுவலகத்தில் பேசுவதெல்லாம் பனி, பாறை, கயிறுதான். கேட்டுக் கேட்டு என் புத்தியும் கெட்டது.

அண்ணாச்சி வெள்ளறடைப் பக்கத்துக்காரர். பதினெட்டு வயதில் பட்டாளத்தில் சேர்ந்தார். அதுவரை அவர் பார்த்த பனிக்கட்டியெல்லாம் மீன் கூடையில் வந்ததுதான். அவரைக் கொண்டுபோய்ப் பனிமலையில் ஏறப் பழக்கினார்கள். நன்றாக ஏறினார். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வைத்தார்கள். ஒரு நாள் அவருடைய கூட்டாளி ஒருவர் மேலே பாறையில் தொங்கியபடி, "சாயா போட்டாச்சா?" என்று கேட்டார். போட்டாச்சு என்று அண்ணாச்சி சொல்வதற்குள் அவர் அங்கே இல்லை. பாறையின் விளிம்பில் உரசி உரசி, கயிறு உள்ளுக்குள்ளேயே அறுந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியவில்லை.

அந்தப் பயம் அவரை விட்டுப் போகவேயில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. ஓய்வு பெற்று வந்து ஒரு தனியார் கல்லூரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். நேமத்தில் வாடகை வீடு. கிணற்றில் வாளி இறக்குவதற்கு முன்னால் கயிற்றைப் பார்ப்பார். பக்கத்து வீட்டுத் தொட்டிலை இழுத்துப் பார்த்துச் சண்டையே வந்திருக்கிறது. கிறிஸ்துமஸ் ஸ்டாரை வாசலில் கட்டினால் அதை மறுபடி அவிழ்க்க அவராலேயே முடியாது, வெட்டித்தான் எடுக்க வேண்டும். வருஷா வருஷம் லீவு போட்டு நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு கங்கோத்ரிப் பக்கம் போவார். அதுவரை கூட்டிப்போன எல்லோரையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். ஆனால் அதெல்லாம் நடந்து ஏறுகிற மலைகள். இரண்டாயிரத்து மூன்றில் நாங்கள் போக நினைத்த சிகரம் அந்த ஜாதி இல்லை.

அதற்குப் பெயர்கூடக் கிடையாது. வரைபடத்தில் உயரம் மட்டும் போட்டிருக்கும். பெயர் வைக்காத குழந்தை மாதிரி இருக்கிறதே என்று சஜி ஆசைப்பட்டான். அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை, "பேரில்லாத்தது பிடிச்சா விடாது" என்றார். ஆனாலும் சம்மதித்தார். சஜி அவரோடு போகாவிட்டால் வேறு யாரோடாவது போய்விடுவான் என்று அவருக்குத் தெரியும்.

எல்லாச் சனிக்கிழமைச் சாயங்காலமும் நேமம் வீட்டில் தரையில் வரைபடத்தை விரித்து உட்காருவோம். டெல்லியில் வாங்க வேண்டிய அனுமதி, உத்தரகாசியில் சொல்லிவைக்க வேண்டிய சுமைக்காரர்கள், அடுப்பு, மருந்து என்று பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றுவிடும். கீழ் முகாமுக்கும் மேல் முகாமுக்கும் நடுவில் ஒரு பனிச்சுவர். ஏணியைச் சுவரில் சார்த்தினால் எவ்வளவு செங்குத்தாக இருக்கும், அவ்வளவு. அதில் அண்ணாச்சி முதலில் ஏறிக் கயிற்றை மேலே கட்டுவார். நாங்கள் ஒவ்வொருவராக அந்தக் கயிற்றைக் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடியை நகர்த்தி நகர்த்தி மேலே போக வேண்டும். கீழே எத்தனை ஆழம் என்று நான் கேட்டேன். "கீழ நோக்கண்டாம்" என்றார்.

அந்த இடம் வரும்போதெல்லாம் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும்.

ஜெயஷீலா டீச்சர், அண்ணாச்சியின் மனைவி. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர். சஜி தவழ்கிற வயதில் அம்மா செத்துப்போனார். தானே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தும் டீச்சர்தான் அவனைக் குளிப்பாட்டி, ஊட்டி, ஜெபம் சொல்லிக்கொடுத்து வளர்த்தார். தம்பியும் கூடவே வருவான் என்று சொல்லித்தான் கழுத்தை நீட்டினார். வாயால் தம்பி என்பார், கண்ணால் பார்ப்பது மகனை.

ஒரு சனிக்கிழமை கையைத் துடைத்துக்கொண்டு வந்து வரைபடத்தின் ஓரத்தில் நின்றார். "அந்தச் சொவத்துல இவன் எதப் பிடிச்சுத் தொங்குவான்?" என்று புருஷனிடம் கேட்டார்.

"கயிறுதான்."

"ஒரே கயிறா?"

"ஒண்ணுதான். நல்ல கயிறு வாங்கியாச்சு. வாடகைக்கு எடுத்தா எவன் எப்பிடி வச்சிருந்தான்னு தெரியாது. இது புதுசு, என் கையாலயே பொதி பிரிச்சேன்."

"கூட்டிட்டுப் போற கையோட இவனத் திருப்பித் தரணும். இல்லேன்னா நீங்களும் வரண்டாம்."

இதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு ஜூனில் எடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. நேமம் வீடு ஓட்டு வீடு. நாலு இடத்தில் ஒழுகும், பத்து இடத்தில் ஈரம் ஊறும். சட்டையெல்லாம் பூசணம் பிடித்தது. பெருச்சாளி ஒன்று சஜியின் பூட்ஸைக் கடித்துவைத்தது. அண்ணாச்சிக்குக் கயிற்றைப் பற்றித் தூக்கம் போயிற்று. கட்டில்மேல் வைத்துக்கொண்டு தான் தரையில் படுத்தார் என்று சஜி சொல்லிச் சிரித்தான். டீச்சர்தான் வழி சொன்னார்.

"அப்பாவுக்கப் புகைப்புரையில கொண்டு வைங்க. ஈரம் வராது, எலியும் பக்கத்துல அடுக்காது."

வெள்ளறடையில் டீச்சரின் அப்பாவுக்கு ரப்பர்த் தோட்டம் உண்டு. பாலை உறைய வைத்துத் தகடாக அடித்து, அந்த ஷீட்டுகளை மூங்கிலில் தொங்கவிட்டு அடியில் புகை போட்டு உலர்த்துகிற அறைதான் புகைப்புரை. அந்தப் பக்கத்து வீடுகளில் நனையக்கூடாதது எதுவானாலும் அங்கேதான் போகும். விதைத் தேங்காய் போகும், கல்யாணப் பட்டு போகும், பள்ளிக்கூடச் சான்றிதழ் போகும். அண்ணாச்சியே கயிற்றைச் சுமந்துபோய் மூங்கிலில் மாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு டீச்சர் ஒவ்வொரு வாரமும், "கயிறு பத்திரமா இருக்குல்லா?" என்று கேட்பார். "உங்க அப்பா வீட்டுலல்லா இருக்கு" என்பார் அவர். டீச்சரின் முகம் தெளியும். அந்த வீட்டில் அந்த மழைக்காலத்தில் தெளிந்த பொருள் அந்த முகம் ஒன்றுதான்.

ஆகஸ்ட் கடைசியில் மழை விட்டது. புறப்பட இன்னும் கொஞ்ச நாள்தான். அண்ணாச்சி சனிக்கிழமை போய்க் கயிற்றை எடுத்துவந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கல் எடுப்பதை நிறுத்திப் பல வருஷமான ஒரு பாறைமடைக்குப் போனோம். செங்குத்தாக வெட்டிய கருங்கல் சுவர். அடியில் பச்சைத் தண்ணீர், அதற்குள்ளே வெட்டிப்போட்ட கல்முனைகள். மலையில் எப்படியோ அப்படியே இங்கேயும், ஒற்றைக் கயிறு, துணைக்கயிறு கிடையாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். சிபி, பழக்கத்துக்கு வைத்திருந்த பழைய கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு, சுற்றுவழியில் மேலே போய்ப் புதுக்கயிற்றைக் கட்டினான். கட்டியதை அண்ணாச்சி ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு இறங்கினார். தன் உடம்பைத் தாங்காத கயிற்றில் அடுத்தவனை ஏற்றமாட்டார், அது அவர் வழக்கம். அடியில் தொங்கி, குதித்து, ஆடிப் பார்த்தார். கயிறு தாங்கியது.

முதலில் என்னை ஏறச் சொன்னார். கயிற்றின் பிடியை ஒரு சாண் தள்ளுவேன், கண்ணை மூடிக்கொள்வேன், மறுபடி ஒரு சாண். பாதி உயரத்தில் மூச்சு வாங்க நின்று, நெற்றியைக் கயிற்றில் சாய்த்தேன். மூக்கில் சுரீரென்று ஏறியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தொங்குகிற பயத்தோடு தும்மலும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

"என்ன நாத்தம் இது! வாந்தி வறது எனக்கு" என்று மேலேயிருந்து கத்தினேன்.

கீழே சஜி விழுந்து விழுந்து சிரித்தான். "ரப்பர் மணம் சாமி, எங்களுக்கு அதாக்கும் செண்டு." என்றைக்கும் சிரிக்காத அண்ணாச்சியும் சிரித்தார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டுத்தடுமாறி இறங்கி, கயிற்றை உதறிவிட்டு, இந்தக் கண்றாவியைக் கழுவாமல் இனித் தொடமாட்டேன் என்று ஒரு கல்லில் போய் உட்கார்ந்துகொண்டேன். "நான் காட்டித் தாறேன்" என்று சஜி தன் பிடியை மாட்டிக்கொண்டு குரங்கு மாதிரி ஏற ஆரம்பித்தான். வேண்டுமென்றே ஒவ்வொரு சாணுக்கும் ஒரு குலுக்கல், என்னைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு.

அண்ணாச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. "ஷீட்டு மணந்தா ஆளு இப்பிடித் தும்முமா சாமி? எப்பிடி இருக்கு, அழுகின மணமா?"

"அழுகல் இல்லை அண்ணாச்சி. புளிச்ச மாதிரி. கட்டெறும்பை நசுக்கினா சுருக்குனு ஒண்ணு வருமே, அது."

அவர் சிரிப்பு அறுந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை.

ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஆசிட் ஊற்றுவார்கள். அதன் மணம் அதுதான். மழைக்காலத்தில் பால் எடுக்க மரத்தைக் கீறமாட்டார்கள். பாலும் இல்லை, புகையும் இல்லை. வெளியே கிடந்த ஆசிட் கேன்களை நனைய வேண்டாம் என்று யாரோ புகைப்புரைப் பரணில் ஏற்றிவைத்திருக்கிறார்கள். ஒன்றின் மூடி விரிசல் விட்டு, கீழே தொங்கிய கயிற்றில் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. இது எல்லாம் பிறகு தெரிந்தது. கயிற்றின் நைலானை இந்த ஆசிட் தின்றுவிடும் என்பது மட்டும் அண்ணாச்சிக்கு முன்பே தெரியும். எடுத்துவந்த அன்று கயிற்றைக் கையில் ஓடவிட்டுப் பார்த்தார். ஓரிடத்தில் கொஞ்சம் விறைப்பாக இருந்தது. புகைக்கறை என்று விட்டுவிட்டார். மணம் வந்திருக்கும், ஆனால் பிறந்ததிலிருந்து அந்த மணத்திலேயே கிடந்த மூக்குக்கு அது எப்படித் தெரியும்?

சஜி பாதி உயரம் போயிருந்தான். நான் நெற்றியைச் சாய்த்த இடம் அவன் தலைக்கு மேலே இருந்தது. அவன் உடம்பு முழுக்க அந்த ஒரு முழத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சஜி மோனே" என்றார் அண்ணாச்சி.

இரண்டு வருஷமாக அவர் சஜியை அதட்டித்தான் கேட்டிருக்கிறேன். இந்தக் குரல் குழந்தையைத் தூங்கவைக்கிற குரல். நான் கல்லிலிருந்து எழுந்துவிட்டேன்.

"மோனே, ஆடண்டாம். அப்பிடியே நில்லு. இடது கைப்பக்கம் ஒரு திண்டு உண்டு, கண்டியா? மெதுவா அதுல கால வை. குதிக்கண்டாம். வச்சியா? இனி மத்தக் கால். கயித்துல பாரம் கொடுக்காத. சொவரப் பிடிச்சுக்கோ."

"எந்தா அத்தான்?"

"ஒண்ணுமில்ல. பிடிச்சுக்கோ."

சஜி என்னைப் பார்த்தான். நான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தண்ணீரைப் பார்த்தேன். அதிலிருந்து அவனுக்குப் புரிந்துவிட்டது போல. பல்லி மாதிரி பாறையோடு ஒட்டிக்கொண்டான். அண்ணாச்சி சிபியைப் பார்த்துப் பழைய கயிற்றை இறக்கு என்று சைகை காட்டினார். அது இறங்கி வருகிற நேரத்தில் எனக்குத் தெரிந்த சுலோகமெல்லாம் மறந்துபோய், பிள்ளையாரே பிள்ளையாரே என்று மட்டும் வாய் முனகியது. சஜி பழைய கயிற்றை இடுப்பில் மாட்டிக்கொண்டு, புதுக்கயிற்றைக் கழற்றிவிட்டு இறங்கினான். தரையில் கால் வைத்ததும் அண்ணாச்சி அவனை ஓங்கி ஒரு அறை விட்டார். பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏன் அறைந்தார் என்று அவருக்கே தெரியாது.

சிபி புதுக்கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டு இறங்கி வந்தான். நாறுகிற இடத்தை நான் மூக்கால் காட்ட, ஒரு பாறைக் கூம்பில் மாட்டி நாலு பேரும் சேர்ந்து வெடுக்கென்று இழுத்தோம். இரண்டு முறை தாங்கியது. மூன்றாவது முறை வெந்த மரச்சீனிக்கிழங்கு மாதிரிப் பிட்டுக்கொண்டு வந்தது. சத்தமே இல்லை. நாங்கள் மல்லாந்து விழுந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை.

"ஷீலாட்ட ஒரு அட்சரம் மிண்டக்கூடாது" என்றார் அண்ணாச்சி, படுத்தபடியே. "எடம் சொன்னது அவளாக்கும். தெரிஞ்சா தாங்கமாட்டா. எலி கடிச்சுட்டுன்னு சொல்லணும். எல்லாரும் கேட்டுதா?"

கேட்டது. நேமம் வீட்டில் டீச்சர் கிழங்கும் மீன்கறியும் வைத்துக் காத்திருந்தார். யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. சஜியின் கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. பையிலிருந்து கயிற்றின் அறுந்த நுனி வெளியே தெரிந்தது. அதையும் கன்னத்தையும் டீச்சர் மாறி மாறிப் பார்த்தார். அண்ணாச்சி தட்டைப் பார்த்துக்கொண்டே ஒப்பித்தார். "இந்த வருஷம் போக்கு இல்ல. கயித்த எலி கடிச்சுப்போட்டு."

 பிறகு டீச்சர் கேட்டார்.

"புகைப்புரையில எலி ஏது?"

நாங்கள் நாலு பேர், இரண்டு பேர் பட்டதாரிகள், ஒருவர் பட்டாளத்தில் இருந்தவர். நாலு பேரும் கிழங்கைப் பிசைந்தோம். எலி வராத இடம் என்று அவர்தானே அனுப்பியிருந்தார். டீச்சர் எழுந்துபோய்க் கயிற்றின் நுனியை எடுத்து விரலால் நசுக்கினார். மாவு மாதிரி உதிர்ந்தது. "ஆசிட்டாக்கும் அக்கா. சாமிக்குத்தான் மணந்துது" என்று சஜி சொல்லிவிட்டான். அதை மூக்கின் அருகில் கொண்டுபோனார். மறுபடி மறுபடி முகர்ந்தார்.

"எனக்கு ஒண்ணும் மணக்கல்லியே" என்றார். "இவங்க சொல்லுக மணம் எதாக்கும்? எனக்கு ஒண்ணும் வரல்லியே." அப்படியே சஜியின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். சஜி அவர் தலையைப் பிடித்துக்கொண்டான். நான் வாசலுக்கு வந்துவிட்டேன், என்னால் பார்க்க முடியவில்லை.

டெல்லியில் வேறு கயிறு வாங்கிக்கொள்ளலாமே என்று சிபி பிறகு ஒரு நாள் கேட்டான். "பேடியோட போகலாம். கை விறைச்சா போகக்கூடாது" என்றார் அண்ணாச்சி. அவர் கை அப்போது உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தது, டம்ளரைக்கூட இரண்டு கையால் பிடித்தார். பயப்படத் தெரிந்தவன் என்று தன்னை அத்தனை வருஷம் நம்பியிருந்தவர். அந்தப் பயமே அவரைக் கூட்டிக்கொண்டுபோய் ஆசிட்டுக்கு அடியில் கயிற்றைத் தொங்கவிட வைத்தது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை. மாதக்கணக்கில் மலையைப் பற்றிப் பேசாமல் இருந்தார். கடைசியில் கயிறு வாங்குங்கள் என்று சொன்னது டீச்சர்தான். தம்பி தனியாக வேறு ஆளைத் தேட ஆரம்பித்திருந்தான், அது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

அடுத்த வருஷம் போனோம். சிகரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், அண்ணாச்சிக்கு ஒரு மேகத்தைப் பிடிக்காமல் போய், திரும்பி வந்தோம். நாலு பேரும் முழுசாக. அந்தப் பனிச்சுவரைப் பற்றிச் சஜியைக் கேட்டால் ஒரு பகல் முழுக்கப் பேசுவான். நான் சொல்ல வந்தது புறப்படுவதற்கு முந்தின நாள் நடந்தது.

புதுக்கயிற்றை அண்ணாச்சி என் வீட்டில்தான் வைத்திருந்தார். "உங்க வீட்டுல மூக்கு உண்டு சாமி" என்றார். என் மனைவி நாகலக்ஷ்மி, இது மடியா விழுப்பா என்று ஆசாரம் பேசி ஒரு வாரம் என்னைப் படுத்திவிட்டு, வடாம் டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் கொடுத்தாள். முந்தின நாள் காலையில் டீச்சர் தனியாகப் பஸ் ஏறிக் கரமனைக்கு வந்தார். நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கூடத்தில் நின்று நாகலக்ஷ்மியிடம் கேட்டார்.

"மாமி, அந்தக் கயித்த ஒண்ணு மணத்திப் பாக்கணும். எனக்குத் தெரியாது. நீங்க பாத்துச் சொல்லணும்."

என் மனைவி அவரைவிடச் சின்னவள். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு நேராகப் போய்க் கயிற்றை இறக்கி, தரையில் உட்கார்ந்து, ஒரு நுனியை எடுத்து மூக்கில் வைத்தாள். ஒரு சாண் நகர்த்தினாள், முகர்ந்தாள். மறுபடி ஒரு சாண். எதிரே டீச்சர் உட்கார்ந்து, கயிற்றைப் பார்க்காமல், நாகலக்ஷ்மியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூக்கு கொஞ்சம் சுருங்கினால்கூட டீச்சரின் கை புடவைத் தலைப்பை இறுக்கியது. அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்துத் தீய்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் போய் அடுப்பை அணைத்துவிட்டு, வீடெல்லாம் பரவிய அந்தத் தீய்ந்த வாசனை அடங்கட்டும் என்று ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

கடைசி நுனி வந்தது. "ஒண்ணும் இல்லை டீச்சர். கோடிப் புடவை வாசனைதான்" என்றாள் நாகலக்ஷ்மி.

டீச்சர் தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை.

"சாம்பார் கரிஞ்ச மணத்துல விட்டுப்போயிருக்குமோ மாமி?" என்று மெதுவாகக் கேட்டார்.

நாகலக்ஷ்மி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கயிற்றின் முதல் நுனியைத் தேடி எடுத்து, மறுபடியும் மூக்கில் வைத்துக்கொண்டாள்.